விண்டோஸுக்குப் பெரட்டு

எங்கள் தோட்டத்தில் கம்ப்யூட்டருக்கு அரைப்பேர் போட்ட கிளாக்கர் ஒருவன் இருந்தான். அவன் நான்தான். தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தைப் பறிக்காத ஆளுக்குச் செக்ரோல் என்ற வேலைப் பதிவில் முழு நாள் எழுத மாட்டார்கள், பாதி நாள்தான் எழுதுவார்கள். அதற்குப் பெயர் அரைப்பேர். ஆளுக்குப் போடுவதே பாவம். கம்ப்யூட்டருக்குப் போட்டால் பாவமா என்று எந்தச் சாமியும் சொல்லி வைக்கவில்லை. ஆனால் நான் அதை வேண்டுமென்றே, அநியாயமாகப் போட்டேன். ஆபீஸ் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் அப்கிரேட், அப்கிரேட் என்று பறக்கிறார்கள். இதைப் படித்துவிட்டுப் பறக்கட்டும்.

1. மேசைக்கு வந்த விருந்தாளி

கஹவத்தையில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் எங்கள் தோட்டம். பாதி தேயிலை, பாதி ரப்பர். தொண்ணூற்றிரண்டில் ஜூனியர் கிளாக்கராகச் சேர்ந்தேன். தொண்ணூற்றொன்பதில் ஆபீஸுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. டைப்ரைட்டரில் கொஞ்சம் வேகமாக அடிப்பேன் என்பதற்காக அதை என் தலையில் கட்டினார்கள். அன்றிலிருந்து நான் 'கம்ப்யூட்டர் ஐயா'. கம்ப்யூட்டர் ஐயாவுக்கு அதை முறையாக அணைக்கத் தெரியாது. இரண்டு கிழமை, அதாவது இரண்டு வாரம், ப்ளக்கைப் பிடுங்கித்தான் அணைத்துக்கொண்டிருந்தேன்.

அதில் இருந்தது விண்டோஸ் 98. அதற்கு அடியில் ஒரு பழைய டொஸ் புரோகிராமும் இருந்தது. அதன் பெயர் குடும்ப ரெஜிஸ்டர். எந்த லயம் என்ற வரிசை வீடு, அதில் எந்தக் காம்பரா என்ற அறை, தாய் தகப்பன் யார், பிள்ளைகள் எந்தத் தேதியில் பிறந்தார்கள் என்று தோட்டத்தின் நானூற்றுச் சொச்சக் குடும்பங்களும் அதற்குள் இருந்தன. செல்லரித்துப்போன பெரிய லெட்ஜர்களைப் பார்த்து எட்டு மாதம் உட்கார்ந்து அடித்தவன் நான். அடித்து முடித்த அடுத்த மழையில் ஸ்டோர் கூரை ஒழுகி லெட்ஜர்கள் கூழாகிவிட்டன. அதற்குப் பிறகு ரெஜிஸ்டர் என்றால் இந்த மெஷின் மட்டும்தான்.

புரோகிராமை எழுதிக் கொடுத்த கொழும்பு மனிதர் யாரையும் நம்பாதவர். தன் புரோகிராமை வேறு எவனும் கொப்பி அடிக்கக்கூடாது என்று கட்டைவிரல் அளவில் ஒரு சாமான் கொடுத்திருந்தார். அதை 'கீ' என்போம். கம்ப்யூட்டரின் பின்பக்கம் பிரிண்டர் வயர் சொருகும் இடத்தில் முதலில் கீயைச் சொருக வேண்டும், அதன் மேல் பிரிண்டர் வயரைச் சொருக வேண்டும். கீ இல்லாவிட்டால் புரோகிராம் கதவைத் திறக்காது. அதோடு விண்டோஸை மூடி, 'டொஸ் மோடில் ரீஸ்டார்ட் செய்' என்ற இடத்தை அமுக்கி, கறுப்புத் திரைக்குப் போனால்தான் வேலை செய்யும். எழுதியவர் இரண்டு வருடத்தில் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். கீ மட்டும் எங்களோடு இருந்தது.

2. ரப்பர் கன்று மாதிரி

இரண்டாயிரத்து நான்கில் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு புது மெஷினும் ஒரு கடிதமும் வந்தன. கம்பெனியின் எல்லாத் தோட்டங்களும் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மாறப் போகின்றன. அதற்கு முன் ஒரு தோட்டத்தில் பழையதையும் புதியதையும் மூன்று கிழமை ஒப்பிட்டுப் பார்த்து ரிப்போர்ட் தர வேண்டும். எங்கள் தோட்டம் எப்படி அகப்பட்டது என்றால், கூட்டத்தில் எங்கள் தோட்ட மேனேஜரான பெரிய தொரை கையைத் தூக்கியிருந்தார். ரிப்போர்ட் திருப்தியாக இருந்தால் பழைய மெஷினையும் அழித்து அதற்கும் எக்ஸ்பி போடுவார்கள். ஒப்பிட்டுப் பார்த்த ஒப்பரேட்டரை இரண்டு கிழமை கொழும்பில் தங்கவைத்து ட்ரெயினிங் கொடுப்பார்கள். இந்தக் கடைசி வரியை நான் நாலு தடவை படித்தேன்.

பெரிய தொரை சிங்களவர். முப்பது வருடம் தேயிலையிலும் ரப்பரிலும் கிடந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் மலையில் வேலை வாங்கப் படித்த தமிழ் என்பதால் எல்லாமே கட்டளையாகத்தான் வரும்.

"கிளாக்கர், ரப்பர்ல புது குளோன் வந்தா என்னா செய்றது?"

"நட்டுப் பாக்கிறதுங்க சார்."

"ஹரி, அது சரி. பழசு, புதுசு, ரெண்டும் பாக்கிறது. இதுவும் அதே தான். நாளைக்கு ஆறரைக்குப் பெரட்டு."

பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பது. நான் விழித்தேன்.

"யாருக்குங்க சார் பெரட்டு?"

"ரெண்டு மெஷினுக்கும். வேற யாருக்கு? ஒனக்கா?"

மறுநாள் ஆறரைக்குத் தொரை கைக்கடிகாரத்தோடு நின்றார். நான் ஒரு மெஷினை ஓன் பண்ணிவிட்டு அடுத்த அறைக்கு ஓடி மற்றதை ஓன் பண்ணினேன். எக்ஸ்பி சட்டென்று எழுந்து, பச்சைப் புல்வெளியும் நீல வானமுமாகப் படம் காட்டி நின்றது. 98 இருமிக்கொண்டு, கறகறவென்று டிஸ்க்கை அரைத்துக்கொண்டு, முந்தின நாள் நான் சரியாக அணைக்கவில்லை என்று கோள் வேறு சொல்லிவிட்டு எழுந்தது. தொரை என் நோட்டுப் புத்தகத்தை நீட்டச் சொன்னார்.

"புதுசுக்கு முழுப்பேர். பழசு லேட். எழுது."

அப்படித்தான் ஆரம்பித்தது. இடத்தையும் அவரே தீர்மானித்தார். புது மெஷினுக்கு அவருடைய அறை. அங்கே ஏசி உண்டு, கரண்ட் போனாலும் தாங்குகிற யூபிஎஸ் உண்டு, தொரைசானி பூப்போட்டுத் தைத்துக் கொடுத்த மேல்துணியும் உண்டு. பழையது என் மேசையிலேயே, வெளிச் சன்னலுக்குப் பக்கத்தில் கிடந்தது. பெக்டரியில் ரோலர் ஓடத் தொடங்கினால் அந்த அறையில் பல்ப் மங்கும். சன்னலைத் திறந்தால் தேயிலைத் தூசு, மூடினால் புழுக்கம்.

எந்த மெஷினுக்கு எந்த வேலை என்று பிரித்தது நான். புதுசுக்குத் தொரையின் கடிதங்கள், அவர் மகளின் கல்யாணப் படங்கள், மத்தியானம் அவர் ஆடும் சீட்டு விளையாட்டு. பழசுக்குச் செக்ரோல், ஸ்டோர் லிஸ்ட், மாதக் கடைசியின் அத்தனை பிரிண்டும். பழசு ஒரு நாளைக்கு இரண்டு தடவை உறைந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் நான் சந்தோஷமாக அரைப்பேர் போட்டேன்.

3. சட்டவிரோதம்

இரண்டாம் கிழமையில் ஒரு நாள் தொரை என் மேசைப் பக்கம் வந்த நேரம் பார்த்துப் பழைய மெஷினில் ஒரு பெட்டி எழும்பியது. இந்தப் புரோகிராம் ஒரு சட்டவிரோதச் செயலைச் செய்துவிட்டது, ஆகவே மூடப்படும் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. 98-ஐ வைத்திருந்தவர்களுக்கு அது கிழமைக்கு நாலு தடவை பார்க்கிற பெட்டி. தொரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார்.

"இல்லீகல்? என் ஆபீஸ்ல? யார் செஞ்சது?"

"மெஷின் தாங்க சார். அது சும்மா அப்படித்தான் சொல்லும்."

"சும்மா எப்புடி சொல்லும்? எழுத்துல விளக்கம் வேணும். பைல்ல போடணும்."

தோட்டத்தில் ஆள் தப்பு செய்தால் விளக்கக் கடிதம் கேட்பது வழக்கம். ஆகவே விண்டோஸ் 98-இன் சார்பில் நான் ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். மெமரி போதாமையால் இடம் தெரியாமல் வேறு புரோகிராமின் இடத்தில் கால் வைத்துவிட்டதாகவும், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்றும், இனி இவ்வாறு நடக்காது என்றும் எழுதி, புது மெஷினில் டைப் செய்து கொடுத்தேன். தொரை 'முதல் எச்சரிக்கை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடிதத்தை நான் இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இனி நடக்காது என்று எழுதிய அன்று பின்னேரமே மறுபடியும் நடந்தது.

மூன்று கிழமை முடிந்து ரிப்போர்ட் எழுதினேன். வேகம், எக்ஸ்பி நன்று. உறைதல், எக்ஸ்பி மிக நன்று. பார்வைக்கு, எக்ஸ்பி அபாரம். குடும்ப ரெஜிஸ்டரைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை, நானும் எழுதவில்லை. அதைப் புது மெஷினில் போட்டுப் பார்க்கவே இல்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். கீயைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரை ஒரு நாள் கையில் எடுத்தேன். சரிவராவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. கொழும்பு ட்ரெயினிங் கண் முன்னால் நின்றது. ஸ்க்ரூ டிரைவரை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு ரிப்போர்ட்டில் கையெழுத்து வைத்தேன்.

4. சன்னலுக்கு வெளியே

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் தலைமை ஆபீஸ் ஐடி பிரிவிலிருந்து ரியாஸ் வந்தான். கொழும்புப் பையன், என்னைவிட எட்டு வயது இளையவன், வந்த நிமிடமே மச்சான் முறை வைத்துவிட்டான். புது மெஷினைத் தொரையின் அறையிலிருந்து தூக்கி வந்து என் மேசைக்கு அடுத்த மேசையில் வைத்து, ரெஜிஸ்டரின் பைல்களைப் பழைய மெஷினிலிருந்து அதற்குக் கொப்பி எடுத்தான். பிறகு பழையதற்குள் எக்ஸ்பி சீடியைப் போட்டான். நீலத் திரை வந்து, பழைய டிஸ்க்கை அழிக்கலாமா என்று கேட்டு நின்றது.

அந்த நேரத்தில்தான் சன்னல் கம்பிக்கு வெளியே பாக்கியக்கா வந்து நின்றார். மூன்றாம் டிவிசனில் கொழுந்து பறிப்பவர். தோட்டத்து ஆட்கள் ஆபீஸுக்குள் வருவதில்லை, எதுவானாலும் சன்னலில் நின்றுதான் பேச வேண்டும். நானே லயத்தில் பிறந்தவன்தான். ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அந்தச் சன்னலை ஒரு நாளும் வித்தியாசமாக நினைத்ததில்லை.

"ஐயா, மக சுமதிக்கு ரெஜிஸ்டர் தாளு ஒண்ணு வேணுங்க. தொரை கையெழுத்து, சீலு எல்லாம் வச்சு."

"என்னத்துக்குக்கா?"

"ஐடி எடுக்கங்க. டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ கடுதாசி வந்திருக்குங்க. ஐடி இல்லாம வரவே வேணாம்னு போட்டிருக்காம். செவ்வாக்கெழமை ஏஜிஏ ஆபீஸ்ல அப்ளிகேசன் பாரத்தக் குடுத்தாத்தான் அதுக்குள்ள கெடைக்கும்னு அங்க இருக்கிற மாத்தயா சொன்னாருங்க."

ஏஜிஏ ஆபீஸ் என்றால் பிரதேச செயலகம், மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. சுமதிக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அவள் பிறந்தது எண்பத்து மூன்று ஆடியில், கலவரம் நடந்த கிழமையில். லயத்து ஆட்கள் ரப்பர் காட்டுக்குள் ஒளிந்திருந்த நாட்களில் பிள்ளை பிறந்ததைப் பதிய யார் டவுனுக்குப் போவார்கள்? பிறகும் பதியவில்லை. அவள் இந்தத் தோட்டத்தில் பிறந்தவள் என்பதற்கு எழுத்தில் இருந்த சாட்சி எங்கள் ரெஜிஸ்டரில் ஒரு வரி மட்டும்தான். அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பெண்பிள்ளை, இன்டர்வியூவை விடுங்கள், பஸ்ஸில் சோதனைச் சாவடிகளைக் கடந்து இரத்தினபுரியைத் தாண்டுவதே அந்தக் காலத்தில் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும்.

"புதுசுல எடுத்துக் குடு மச்சான். வித்தியாசத்தப் பாப்பாங்க" என்றான் ரியாஸ்.

பழைய மெஷினிலிருந்து கீயைக் கழற்றிப் புதியதில் சொருகினோம். பிரிண்டரையும் மாட்டினோம். புரோகிராமைத் திறந்தேன். கறுப்புப் பெட்டி ஒன்று வந்து, கீ இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு மூடிக்கொண்டது. மறுபடியும் திறந்தேன். கீ இல்லை. கீ பின்னால் இருக்கிறது, கையால் தொட்டுப் பார்க்கிறேன், அது இல்லை என்கிறது. டொஸ் மோடுக்குப் போகலாம் என்று தேடினால் எக்ஸ்பியில் அப்படி ஓர் இடமே கிடையாது.

ரியாஸின் முகம் மாறியது. "எக்ஸ்பியில ஒரு புரோகிராமுக்கும் பின்னுக்கு இருக்கிற போர்ட்ட நேரா தொட ஏலா மச்சான். எல்லாம் விண்டோஸ்கிட்ட கேட்டுத்தான் செய்யணும். இந்தப் பழைய புரோகிராமுக்குக் கேக்கத் தெரியா."

"பைல்கள் இருக்குதானே? அதைத் திறந்து பாரேன்."

திறந்தான். முழுக்கக் கட்டம் கட்டமாக, வாசிக்க முடியாத எழுத்து. அந்தக் கொழும்பு மனிதர் அதையும் பூட்டித்தான் வைத்திருந்தார். அடுத்த மேசையில் பழைய மெஷின் இன்னும் அழிக்கலாமா என்று கேட்டபடி நின்றது.

சத்தம் கேட்டுத் தொரை வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அபோ! ரிப்போர்ட்ல குட், குட், எக்சலன்ட். இப்ப என்னா நோ?"

"சார், இந்த வேலை ரிப்போர்ட்ல இல்லைங்க."

"ஏன் இல்ல?"

நான் பிரிண்டர் வயரை மறுபடி அழுத்திப் பார்த்தேன். தலைமை ஆபீஸ் உத்தரவு இன்றைக்கே அழிக்கச் சொல்கிறது, அப்புறம் ஒரு வழி பார்க்கலாம் என்று ரியாஸ் ஆரம்பித்தான். சன்னலில் பாக்கியக்கா முழங்கையைக் கம்பியில் ஊன்றிக்கொண்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொரைங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"என்னா?"

"அந்தப் புது மெசினு எந்த நிரையிலங்க நின்னிச்சு?"

தேயிலை மலையில் காலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை கொடுப்பார்கள், அதாவது ஒரு வரிசைச் செடி. அவள் அந்த வரிசையைத்தான் பறிக்க வேண்டும். ரோட்டோர நிரையில் செடி தளதளவென்று இருக்கும். மேட்டு நிரையில் கல்லும் அட்டையும்தான். கங்காணி வேண்டியவளுக்கு நல்ல நிரை கொடுத்தான் என்றுதான் மலையில் பாதிச் சண்டை.

"நானும் மூணு கெழமையா இந்தப் பக்கந்தாங்க கொழுந்து நிறுக்கப் போறேன்" என்றார் பாக்கியக்கா. "பழச இந்தத் தூசியில போட்டு, பாரமான வேலையெல்லாம் அதுக்கே குடுத்தீங்க. புதுச ஏசியில வச்சுத் துணி போத்தி விட்டிருந்தீங்க. ஒருத்திய ரோட்டோர நிரையில விட்டுட்டு, இன்னொருத்திய கல்லு மலையில ஏத்திட்டு, சாயந்தரம் ரெண்டு கூடையவும் நிறுத்தா அது எப்புடிங்க நாயம்? நிரைய மாத்திப் போட்டுல்ல பாக்கணும்?"

முப்பது வருடமாகக் கங்காணிமாரை இதே விஷயத்துக்காகத் திட்டித் தீர்த்தவர் எங்கள் தொரை. கம்ப்யூட்டரைப் பற்றி நான் இங்கிலீஷில் சொன்ன எதுவும் அவருக்கு முழுதாக விளங்கியதில்லை. இது ஒரே தடவையில் விளங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"கிளாக்கர். நிரை பிரிச்சது யாரு?"

"நான்தாங்க சார்."

புதுசைத் தன் அறையில் வைக்கச் சொன்னது அவர். ஆனால் அதை எடுத்துச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை.

"ஏன் அப்புடி?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். சன்னலில் பாக்கியக்கா நின்றார். "கொழும்பு ட்ரெயினிங்குக்கு ஆசைப்பட்டேங்க சார். ரெஜிஸ்டரைப் போட்டுப் பார்க்கவும் இல்லை. தெரிஞ்சுதான் விட்டேன். ரிப்போர்ட் தப்புங்க" என்றேன். பன்னிரண்டு வருட வேலையில் அவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது.

தொரை என்னைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. சிங்களத்தில் கொஞ்சம், தமிழில் நிறைய. அப்புறம் ரியாஸிடம், "சீடிய எடு" என்றார்.

"சார், ஹெட் ஆபீஸ்ல..."

"ஹெட் ஆபீஸுக்கு நான் பேசறேன். கிளாக்கர், நிரைய மாத்து. ரெண்டு கிழமை. இந்தத் தாள இப்ப அடி."

கீயையும் பிரிண்டரையும் திரும்பப் பழைய மெஷினில் சொருகினோம். எழும்பியது. டொஸ் மோடுக்குப் போனேன். ரெஜிஸ்டர் திறந்தது. பிரிண்ட் கொடுத்தேன், பாதித் தாளில் கரண்ட் இறங்கி மெஷின் அப்படியே உறைந்தது. ரியாஸ் பல்லைக் கடித்தான். தொரை ஆள் அனுப்பி பெக்டரி ரோலரை நிறுத்தச் சொன்னார். ஒரு தாள் அடிப்பதற்காக எங்கள் பெக்டரி நின்றது அந்த ஒரு தடவைதான். இரண்டாம் முறை டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கீச்சு கீச்சென்று முழுத் தாளையும் அடித்துத் தள்ளியது. தொரை கையெழுத்துப் போட்டுச் சீலை ஓங்கிக் குத்தினார்.

பாக்கியக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டச் சொன்னார். ஆறாம் நம்பர் லயம், மூன்றாம் காம்பரா, தாய் பாக்கியம், தகப்பன் பெயர், மகள் சுமதி, பிறந்த தேதி என்று வாசித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இம்புட்டுதாங்களா?" என்றார்.

"இவ்வளவுதான்க்கா."

தாளை மழைக்கு நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போனார்.

5. மாற்றிப் போட்ட நிரை

இரண்டு கிழமை எக்ஸ்பி தூசியில் கிடந்தது. 98 ஏசியில் பூப்போட்ட துணிக்குள் இருந்தது. என்ன ஆனது தெரியுமா? எக்ஸ்பிதான் ஜெயித்தது. பல்ப் மங்கியது, பல்லி மேலே ஓடியது, மாதக் கடைசிப் பிரிண்ட் அத்தனையும் விழுந்தது, அது அசையவில்லை. ஏசிக்குள் சொகுசாக இருந்த 98, தொரை நாலு பக்கம் டைப் செய்து முடித்த கடிதத்தைச் சேமிக்கும் முன்னாலேயே விழுங்கிவிட்டு உறைந்து நின்றது. இந்தத் தடவை தொரை விளக்கக் கடிதம் கேட்கவில்லை. மேசையில் ஓங்கி ஒரு அடி விழுந்தது, அவ்வளவுதான்.

ஆகவே நான் பொய்யாக எழுதிய ரிப்போர்ட்டும் உண்மையாக எழுதிய ரிப்போர்ட்டும் ஒரே முடிவைத்தான் சொன்னன. மாறுங்கள், எக்ஸ்பி நல்லது. இரண்டாவது ரிப்போர்ட்டில் ஒரு பந்தி, அதாவது ஒரு பத்தி, மட்டும் அதிகம். குடும்ப ரெஜிஸ்டர் எக்ஸ்பியில் திறக்காது, பழைய டிஸ்க்கை அழிக்கும் முன் முழு ரெஜிஸ்டரையும் தாளில் எடுத்துத் தொரை கையெழுத்தோடு கட்டி வைக்க வேண்டும், பிறகு அதைப் பார்த்துப் புது மெஷினில் திரும்ப அடிக்க வேண்டும். அந்த ஒரு பந்தி இல்லாத முதல் ரிப்போர்ட்டின்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இப்போதும் எனக்குப் பிடிப்பதில்லை.

கொழும்பு ட்ரெயினிங் வேறு தோட்டத்துக் கிளாக்கருக்குப் போனது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைப் பெற்றுக்கொண்டதாக நானே டைப் செய்து நானே கையெழுத்துப் போட்டேன்.

6. வராதவர்கள்

ரெஜிஸ்டர் முழுவதையும் அடிக்க ஐந்து நாள் பிடித்தது. ரிப்பன் மூன்று தீர்ந்தது. குடும்பத்துக்கு இரண்டு தாள் அடித்தோம், ஒன்று ஆபீஸ் கட்டுக்கு, ஒன்று அந்த வீட்டுக்கு. செய்தி லயங்களுக்குப் பரவி, வேலை விட்டு வருகிறவர்கள் சன்னலில் வரிசை பிடித்தார்கள். தங்கள் பெயரை ஆபீஸ் எழுதி வைத்திருக்கிறது என்று தெரியும், எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள், சிரித்தார்கள், செத்துப்போன மாமனாரின் பெயரைக் கேட்டு ஒரு பெண் அங்கேயே அழுதாள்.

கடைசி நாளில் ரியாஸ் வந்தான். ஆபீஸ் கட்டை நான் எண்ணினேன். எத்தனை குடும்பமோ அத்தனை தாள். தொரை எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டிருந்தார். சீடியைப் போட்டான், நீலத் திரை வந்தது, அழிக்கலாமா என்று கேட்டது.

"நீயே அமுக்கு மச்சான்" என்றான்.

விரலை வைத்தேன். எண்ணிக்கை சரி, கையெழுத்து சரி, உத்தரவு சரி. முதல் ரிப்போர்ட்டிலும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. விரலை எடுத்துவிட்டுச் சன்னலுக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

"யாருக்காவது தாள் வரல்லையா?"

வந்துருச்சுங்க, வந்துருச்சுங்க என்றார்கள். திரும்பப் போனேன். பின்னாலிருந்து பாக்கியக்காவின் குரல் கேட்டது.

"எங்க பக்கத்துக் காம்பரா தெய்வானைக்கு வரலீங்க ஐயா."

"தெய்வானை எங்கக்கா? அவங்களே வந்து சொல்லக் கூடாதா?"

"அவ குவைத்துல வீட்டு வேலைக்குப் போயி ஒரு வருசமாச்சுங்க. புருசனும் இல்ல. புள்ளைங்க ரெண்டும் எங்கிட்டத்தான். அவளுக்காக நாந்தாங்க வந்தேன்."

கட்டைப் பிரித்துத் தேடினேன். ஆறாம் லயம், மூன்றாம் காம்பராவுக்கு இரண்டு தாள் இருந்தது. நாலாம் காம்பராவுக்கு ஒன்றும் இல்லை. பிரிண்டரில் தாள் சிக்கிய நேரம் நான் ஒன்றைக் கிழித்துப் போட்டுவிட்டு, தவறுதலாக முந்தினதையே மறுபடி அடித்திருக்கிறேன். அதனால்தான் எண்ணிக்கை அவ்வளவு அழகாகச் சரிவந்தது.

சீடியை எடுத்தோம். மெஷினை எழுப்பி, டொஸ் மோடுக்குப் போய், தெய்வானையின் தாளை அடித்தோம். தெய்வானை, இரண்டு பிள்ளைகள், பிறந்த தேதிகள். தொரை கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் நான் அந்த விசையை அமுக்கினேன். ரெஜிஸ்டரும், நான் எட்டு மாதம் அடித்ததும், ஐந்து நிமிடத்தில் போயின.

சுமதிக்கு நேரத்துக்கே ஐடி கிடைத்தது. இன்டர்வியூவுக்குப் போனாள், வேலையும் கிடைத்தது. அது அவளுடைய கெட்டித்தனம், எனக்கு அதில் பங்கு இல்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் நான் அந்தத் தோட்டத்தைவிட்டு மாறும்வரை இன்னும் இரண்டு அப்கிரேட் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் படிவம் வரும், வேகம் எப்படி, பார்வை எப்படி என்று கேட்கும். எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டு, வெளியே போய், சன்னலில் நிற்பவர்களிடம், அங்கே வராதவர்களைப் பற்றிக் கேட்பேன். பழையதில் மட்டும் இருப்பது என்ன, அது போனால் யாருக்கு இழப்பு என்பதைப் படிவம் ஒருநாளும் கேட்டதில்லை. பிள்ளைகளே, அதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

தெய்வானை குவைத்திலிருந்து திரும்பி வந்தபோது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அந்தத் தாளோடு என் சன்னலுக்கு வந்தாள். சீல் மங்கிவிட்டது, மறுபடி குத்தித் தாங்க என்றாள். குத்திக் கொடுத்தேன். ஒரு விரல் அழுத்தத்தில் அவள் வீடு முழுக்க இல்லாமல் போகப் பார்த்தது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.